கயிற்றின் மறுமுனை

அழித்தது ஒரு செவ்வாய் இரவு.
மருந்துக்கடையில் இரவுப்பணி, ஒரு ஈ காக்கை இல்லை.
முன்பின் தெரியாத ஒருத்தி
ஏதோ ஒரு தீவில் மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள்.
பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது.
மூன்று செயலிகள். மூன்று அழுத்தல்கள்.
பல் பிடுங்கியதுபோல் இருந்தது;
நாக்கு அந்தக் குழிக்கே போய்ப் போய் வந்தது.

புதன்கிழமை பொழுது போகவில்லை.
போகாதது மட்டுமா?
சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு
எதிரே உட்கார்ந்துவிட்டது.
அதற்கொரு தேநீர் போட்டேன், எனக்கொன்று.
இரண்டையும் நானே குடித்தேன்.

நேரத்தை நல்லபடி கழிக்க ஒரு பட்டியல் எழுதினேன்:
ரொட்டி சுடுவது, பிரெஞ்சு படிப்பது,
தம்பிக்குக் கடிதம்.
பட்டியல் எழுதியதுதான் அன்றைக்குச் செய்த வேலை.
மறுநாள் சுட்ட ரொட்டியைக்
கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

வீடு திபிலீசியின் வடகோடியில், க்ல்தானியில்,
எட்டாவது மாடி.
காசு போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
சில்லறை இல்லையென்றால்
முழங்கால்தான் கட்டணம்.

என் ஜன்னலுக்கும் எதிர்க்கட்டடத்துக்கும் நடுவே
கப்பிகளில் ஓடும் துணிக்கயிறு.
வெள்ளிக்கிழமை அதை இழுத்தேன்.
ஒரு காலுறை வந்தது.
இன்னும் இழுத்தேன், தலையணை உறை.
பிறகு என் சாம்பல் சட்டை,
பிறகு காற்று மட்டும்,
பிறகு ஒரு துண்டு.
விரலுக்கு இந்த அசைவு பழக்கம்தான்.
அடுத்தது, அடுத்தது, அடுத்தது.
ஆனால் இது ஈரமாக இருந்தது,
கனத்தது,
தீர்ந்தும் போனது.

தீர்ந்த இடத்தில்
என்னுடையதல்லாத ஒரு காலுறை:
குழந்தையினுடையது, வாத்துப் படம் போட்டது,
காற்று எங்கிருந்தோ கொண்டுவந்து
என் கிளிப்பில் சிக்கவைத்தது.

எதிர்க்கட்டடத்தில் ஒன்பது கதவுகளைத் தட்டினேன்.
ஒருவர் மின்கட்டணம் வசூலிக்க வந்தவள் என்று நினைத்தார்.
ஒருவர் நாயை மட்டும் அனுப்பினார்.
ஏழாம் மாடியில் சிசானா கதவைத் திறந்து
காலுறையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
“நீயா? நீலமுகக்காரி!”

மூன்று குளிர்காலமாகப் பார்க்கிறாளாம்.
கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க எழும்போதெல்லாம்
எதிர் ஜன்னல் இருட்டில்
தனியே மிதக்கும் ஒரு நீல முகம்.
நோயாளி என்று நினைத்தாளாம்.
ஒருமுறை மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டாளாம்.
“இந்த வாரம் காணோம். செத்துவிட்டாயோ என்று
நேற்றுத்தான் ஜும்பரிடம் சொன்னேன்.”

எத்தனை ஊர் ஜன்னல்களுக்குள் எட்டிப்பார்த்தவள் நான்!
ஒரு கயிற்றுத் தூரத்தில்
என்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்,
விருப்பக்குறி போடாமல்,
தலைமாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு.

மேசைமேல் ஒரு குவியல் அக்ரோட்டு.
உட்கார் என்று சொல்லவில்லை, சுத்தியலை நீட்டினாள்.
உடைத்தோம். அவள் கணவனின் முதுகுவலி பற்றிப் பேசினாள்,
நான் களிம்பின் பெயர் சொன்னேன்.
குழந்தை ஓட்டை வாயில் போட்டது; எடுத்தோம்; போட்டது.
மணி என்ன என்று பார்க்கத் தோன்றியபோது
தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பொய் சொல்லமாட்டேன்.
பத்தொன்பதாம் நாள் பதினொரு நிமிடம் திரும்பப் போனேன்.
மாதுளைக்காரி இப்போது வேறொரு தீவில்.
நன்றாக இருக்கிறாள்.
மறுபடி அழித்தேன்; இந்த முறை நாக்கு தேடவில்லை,
கொஞ்சம் தேடியது.

இன்று காலை கப்பி கிறீச்சிட்டது.
நான் தொடவேயில்லை.
மறுமுனையிலிருந்து யாரோ இழுக்க
தள்ளாடித் தள்ளாடி வந்தது வாத்துக் காலுறை,
அடியில் முடிச்சு.
அவிழ்த்தேன்: மூன்று காசுகள்.

லிஃப்டில் ஏற ஒன்று.
இறங்க ஒன்று.
மூன்றாவது எதற்கென்று
போய்த்தான் கேட்கவேண்டும்.